டிரையருக்குப் பின்னால் ஒரு மீன்தொட்டி

எனக்குச் சந்தேகப்புத்தி என்று என் கணவர் கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டார். இருக்கட்டும். சந்தேகப்படும்படி நடந்துகொள்கிற ஒரு மனுஷரோடு குடும்பம் நடத்திக்கொண்டு சந்தேகப்படாமல் இருக்க எனக்குத் தெரியாது. அவர் இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீ மேக்கர். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்போம். ஸ்டோருக்குள் கொழுந்து வந்ததிலிருந்து அது தூளாகிப் பெட்டியில் அடைபட்டு லொறி ஏறும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் குவாட்டர்ஸ் ஸ்டோருக்குப் பக்கத்திலேயே இருந்தது. உரக்கக் கூப்பிட்டால் அவருக்குக் கேட்கும். கேட்காத மாதிரி இருப்பார்.

தேயிலை ருசி பார்க்கும் காரியமாக ஒருமுறை கொழும்புக்குப் போனவர், அங்கே ஒரு பெரிய மனுஷர் வீட்டில் கண்ணாடித் தொட்டிக்குள் கடல் மீன் நீந்துவதைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து ஆள் ஒரு மாதிரி. சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டே எங்கேயோ பார்ப்பார், தனியாகச் சிரிப்பார். கொழும்பில் யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் மீன் என்று தெரிந்ததும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். எவ்வளவு முட்டாள்தனம்!

மெஷின் பழுது பார்க்கிற ஸ்டோர் ஃபிட்டரைப் பிடித்து இரும்புச் சட்டம் அடித்தார். ஹட்டனில் சாமிப் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் கண்ணாடி வெட்டி வாங்கினார். ஜன்னல் கண்ணாடிக்கு அப்புகிற புட்டி வைத்து ஒட்டி, முன்னறையில் மேசைமேல் வைத்து, பரீட்சைக்காக, மலை ஊற்றிலிருந்து பீலியில் வருகிற தண்ணீரை ஊற்றினார். நிறைகிறவரை நன்றாகத்தான் இருந்தது. நிறைந்து நாங்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் ஒரு மூலை விட்டுக்கொடுத்து, தண்ணீர் முழுவதும் என் நெல் சாக்குக்கு அடியில் போனது. நான் கத்திய கத்தலில் பக்கத்து குவாட்டர்ஸ், ஆபீஸ் பெரிய கிளாக்கர் வீட்டு அம்மா வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"என்னங்கம்மா, வீட்டுக்குள்ள மழையா?"

"ஆமா, எங்க வீட்டுக்கு மட்டும் தனியாப் பேயுது" என்றேன். அவளுக்கு எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது.

இரண்டாவது தடவை புட்டி பிடித்தது. இனி கடல் தண்ணீர் வேண்டும். தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும் தோட்டத்து லொறி, திரும்பும்போது அரிசியும் உரமும் கொண்டுவரும். அந்த லொறி டிரைவரிடம், பிரம்புக் கூடை பின்னிய பெரிய கண்ணாடி ஜாடிகளைக் கொடுத்து அனுப்பினார். தகரத்தில் கொண்டுவந்தால் துருப்பிடித்து மீன் செத்துவிடும் என்றார். அந்தச் சமாச்சாரமெல்லாம் எங்கே படித்தாரோ. ஜாடிகள் வந்தன. தண்ணீர் தெளிவாக இருந்தது. ரொம்பத் தெளிவாக இருந்தது. எனக்கு அங்கேதான் உறுத்தியது. அந்த டிரைவர் கடற்கரைவரை லொறியைத் திருப்புகிற ஆளா? வழியில் ஏதோ ஒரு ஆற்றில் மொண்டு, கடையில் உப்பு வாங்கிக் கரைத்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது.

"ஏங்க, இது கடல் தண்ணிதானா?"

"பின்ன என்ன, கஷாயமா?"

நான் ஒரு கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். வெறும் உப்பாக இருந்தால் உப்போடு நின்றுவிடும். இதில் உப்புக்குப் பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு வந்து தங்கியது. சமையல் உப்பில் அந்தக் கசப்பு வராது. சரி, டிரைவர் நல்லவன்தான் என்று ஒத்துக்கொண்டேன்.

அடுத்த நடையில் மணலும் வெள்ளைப் பவளப் பாறைத் துண்டுகளும் வந்தன. அதற்கடுத்த நடையில் மீன்கள். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்டவை சில, நகம் அளவுக்கு நீலமாக மின்னுகிறவை சில. ஜாடியைத் திறந்து அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட்டார். எங்கள் ஊர்க் குளிர் தெரியும் அல்லவா? ராத்திரியில் உறைந்த தேங்காய் எண்ணெய் போத்தலில் கரண்டிக் காம்பை விட்டுக் குத்த வேண்டும். தொட்டித் தண்ணீர் பீலித் தண்ணீர் போலவே சில்லிட்டுக் கிடந்தது. கடற்கரை வெயிலில் இருந்த ஜீவன்கள் அதற்குள் விழுந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. அன்று பார்த்துக் கிளாக்கர் வீட்டு அம்மா வந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல குழம்பு வைக்கிறதுக்குக்கூட சதை இல்லையேம்மா" என்று சொல்லிப் போனாள். மறுநாள் காலையில் எல்லாம் மிதந்தன.

கண் போட்டுவிட்டாள் என்றேன் நான். மிளகாயும் உப்பும் கையில் பொத்தி எடுத்துத் தொட்டியைச் சுற்றினேன். அவர் பதறி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உப்பு உள்ள விழுந்துறப் போவுது! அளவு மாறிடும்!"

"கடலுக்குள்ள இல்லாத உப்பா?"

"ஐயோ, உனக்கு எப்படிச் சொல்லுவேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். தண்ணீர் வற்றும், ஆனால் உப்பு வற்றாது. அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், கடல் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்தார். மீன்களைக் கொன்றவர் பாடம் எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் தொட்டியைக் காணவில்லை. மேசைமேல் நான்கு கால் தடம் மட்டும் இருந்தது. கேட்டதற்கு, "ஃபிட்டர்கிட்டக் குடுத்துட்டேன். எனக்கு ஒத்து வரல" என்றார். இவ்வளவு சுலபமாக ஒன்றை விடுகிறவர் அல்ல அவர். முகத்தைப் பார்த்துச் சொல்லவும் இல்லை. எனக்கு அப்போதே தெரியும், இதில் என்னவோ இருக்கிறது என்று. ஆனால் முன்னறை எனக்குத் திரும்பக் கிடைத்ததே என்று வாயை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் என் கூனி டப்பா குறைய ஆரம்பித்தது. கூனி என்றால் காயவைத்த பொடி இறால். கத்தரிக்காயோடு போட்டு வறுத்தால் அவ்வளவு ருசி. வாரத்துக்கு ஒருமுறை எடுக்கிற சாமான் பாதிக்கும் கீழே போயிருந்தது. முதலில் பூனை என்று நினைத்தேன். பூனை மூடியைத் திருகித் திறந்து, திரும்ப மூடியும் வைக்குமா? பிறகு கிளாக்கர் வீட்டு வேலைக்காரி மேல் கண் வைத்தேன். அவள் வந்து போகும்போதெல்லாம் முந்தானையைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

இன்னொன்றும் எனக்கு உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் ஓடாது. அன்றைக்கு இவருக்கு அங்கே என்ன வேலை? அதுவும் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு? எங்கள் வீட்டில் சைக்கிளே கிடையாது. கேட்டால், "மெஷின்ல தூசி ஊதணும்" என்பார்.

இந்தச் சமயத்தில்தான் கொழும்பிலிருந்து புகார் வந்தது. எங்கள் தோட்டத்துத் தேயிலையில் வேறு ஏதோ வாடை அடிக்கிறது, கருவாட்டு வாடை மாதிரி இருக்கிறது, விலை போகாது என்று தோட்டத்து மேனேஜர் துரைக்கு எழுதியிருந்தார்கள். வெளியில் இருப்பவர்களுக்கு இது விளையாட்டாக இருக்கலாம். தேயிலைத் தூள் எந்த வாடையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் ஸ்டோருக்கென்று கட்டுப்பாடு உண்டு. உள்ளே வேலை செய்கிற பெண்கள் தலையில் பூ வைக்கக்கூடாது. மண்ணெண்ணெய்க் கை ஆகாது. பலாப்பழம் சாப்பிட்டுவிட்டு வரக்கூடாது. சோற்றுப் பொட்டலத்தை வெளிக்கொட்டகைப் பலகையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இத்தனை கட்டுப்பாடும் நடக்கிறதா என்று பார்ப்பது டீ மேக்கர் வேலை. என் கணவர் அதில் கண்டிப்பானவர் என்று பேர் எடுத்தவர்.

துரை ஸ்டோருக்கே வந்து நின்று, எல்லாரையும் சோதனை போடச் சொன்னார். அன்றிலிருந்து ஸ்டோர் வாசலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. யார் கொண்டுவந்தது, யார் மறைக்கிறார்கள் என்றே பேச்சு. நேற்றுவரை ஒரே வெற்றிலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டவர்கள் தள்ளித் தள்ளி நின்றார்கள். கடைசியில் வெளிக்கொட்டகைப் பலகையில் இருந்த ஒரு சோற்றுப் பொட்டலத்தில், வாழையிலைக்குள் மடித்து, சுட்ட கருவாட்டுத் துண்டு ஒன்று அகப்பட்டது. அதைப் பிரித்து எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தவர் என் கணவர்.

அது தூள் சலிக்கிற அறையில் வேலை செய்த ஒரு அக்காவின் பொட்டலம். என்னைவிட மூத்தவள் என்பதால் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஸ்டாஃப் வீட்டு அம்மா தொழிலாளர் லயத்துப் பெண்ணை அப்படிக் கூப்பிடுவது என் கணவருக்குப் பிடிக்காது. என் அம்மாவும் கூடை கட்டிக் கொழுந்து எடுத்தவள்தானே, எனக்கென்ன. அந்த அக்கா புருஷனை இழந்தவள். மலையில் கொழுந்து எடுக்கும்போது வழுக்கி விழுந்து முழங்கால் உடைந்து, சரியாகக் கூடாமல் போனதால்தான் ஸ்டோருக்குள் உட்கார்ந்து சலிக்கிற வேலை கொடுத்திருந்தார்கள். அந்த வேலை போனால் லயத்தில் இருக்கிற காம்பரா, அந்த ஒற்றை அறை வீடும் போகும். இந்த நாட்டுப் பிரஜை என்கிற காகிதமும் இல்லை, இந்தியக் காகிதமும் இல்லை. எங்கே போவாள்?

"வெளியிலதானேங்க வச்சேன், உள்ள கொண்டு போகலயேங்க" என்று அவள் அழுதாளாம். கருவாட்டைத் தொட்ட கையோடு தூளைத் தொட்டிருப்பாய் என்று சொல்லி, பத்துச்சீட்டு எழுதத் துரை உத்தரவு போட்டுவிட்டார். பத்துச்சீட்டு என்றால் ஆளைத் தோட்டத்தை விட்டே வெளியே அனுப்புகிற காகிதம். அந்த வாரக் கடைசிக்குள் காம்பராவைக் காலி செய்ய வேண்டும்.

அன்று மத்தியானம் சாப்பிட வந்தவர் தலை நிமிரவில்லை. பாவம், அந்த அக்காவுக்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் படுத்ததும், சலவைக்காரருக்குப் போட உடுப்பை எடுத்து, வழக்கம்போலக் காற்சட்டைப் பையைத் தலைகீழாக உதறினேன். தரையில் சிவப்பாகப் பொடி கொட்டியது. குனிந்து விரலில் தொட்டு முகர்ந்தேன். கூனி.

அடப்பாவி மனுஷா! ஊர்ப் பொட்டலத்தையெல்லாம் பிரித்துப் பார்த்த ஆளின் பையில் கூனி.

அவரை எழுப்பவில்லை. நேரே ஸ்டோருக்குப் போனேன். மத்தியான இடைவேளை, ஆட்கள் வெளிக்கொட்டகையில் இருந்தார்கள், மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தூள் காயவைக்கிற பெரிய டிரையருக்குப் பின்னால், உடைந்த சாமான் போட்டு வைக்கிற ஒரு சின்ன அறை. கதவைத் திறந்ததும் வாடை மூக்கில் அறைந்தது. உள்ளே, டிரையர்ச் சுவரின் சூட்டோடு ஒட்டி, எங்கள் தொட்டி, மேலே தீனியாகத் தூவிய என் கூனிப் பொடி. மெஷின் ஷாஃப்ட்டிலிருந்து ஒரு பெல்ட்டை இழுத்து, ஒரு சின்ன பம்பைச் சுற்ற வைத்து, ரப்பர் குழாயில் காற்று தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஷாஃப்ட் நிற்கும்போது கையால் அடிக்கத்தான் அந்தச் சைக்கிள் பம்பு. எனக்குத் தெரியாமல் லொறியில் வரவழைத்த புது ஆரஞ்சு மீன் இரண்டு உயிரோடு, அழகாக, துடுப்பை ஆட்டிக்கொண்டு என் பக்கம் வந்தன. அழகாகத்தான் இருந்தன, பொய் சொல்ல மாட்டேன். அதனால் என் கோபம் இன்னும் ஏறியது.

பவளப் பாறைத் துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேலே வெள்ளை வெளேர் என்று தெரிந்தாலும் ஓட்டைகளுக்குள் ஏதோ செத்து அழுகிக் கிடந்தது. வெயிலில் காயப்போட்டு, ஊறவைத்துக் கழுவி எடுக்காமல் போட்டால் அப்படித்தான் ஆகும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம். சூட்டில் அந்த வாடை எழும்பி, கதவு இடுக்கு வழியாக நேரே காய்கிற தூளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து, அந்த வாரத் தூளில் ஒரு கோப்பை தேயிலைச் சாயம் ஊற்றினேன். பால் ஊற்றவில்லை, சீனி போடவில்லை. அவரை எழுப்பிக் கையில் கொடுத்தேன்.

"குடிங்க."

ஒரு வாய் குடித்தார். என் முகத்தைப் பார்த்தார். அவர் தேயிலை ருசி பார்ப்பதில் கெட்டிக்காரர். ஸ்டோரில் தினமும் ருசி பார்க்கிற மனுஷருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? கூடவே இருந்து மூக்கு பழகிவிட்டது என்று பிற்பாடு சொன்னார். நான் அதை இன்றுவரை முழுசாக நம்பவில்லை.

"டிரையருக்குப் பின்னால போய்ப் பாத்துட்டுத்தான் வர்றேன்" என்றேன்.

அவர் கோப்பையைக் கட்டிலடியில் வைத்தார். "வேற எங்க சூடு இருக்கு, சொல்லு? பம்பைச் சுத்த வேற எங்க மெஷின் இருக்கு?"

"அந்த அக்காவுக்கு வேற எங்க வீடு இருக்கு, அதச் சொல்லுங்க மொதல்ல."

"நான் சொன்னா என் வேலை போயிரும். குவாட்டர்ஸ் போயிரும். புள்ளைங்க ஹட்டன்ல படிக்குது. யோசிச்சுப் பேசு."

"யோசிச்சாச்சு. நீங்க தொரைகிட்டப் போய்ச் சொல்லலேன்னா, நாளைக்குக் காலையில பெரட்டுல அத்தனை பேரும் நிக்கும்போது நானே வந்து சொல்லுவேன். கூனியக் கையில எடுத்துக்கிட்டே வருவேன்." பெரட்டு என்பது விடியலில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடம், தோட்டமே அங்கேதான் நிற்கும். நான் சொன்னால் செய்வேன் என்று அவருக்குத் தெரியும்.

சட்டையை மாட்டிக்கொண்டு துரை பங்களாவுக்கு ஏறினார். நான் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். வேலை போனால் எங்கே போவது, யாரிடம் போய் நிற்பது, பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று ஒவ்வொன்றாகச் சாமியிடம் கேட்டேன். பயந்துதான் போயிருந்தேன். இருந்தாலும் அவரைத் திரும்பக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை.

பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தார். தூரத்திலேயே தெரிந்தது, நடையில் ஒரு துள்ளல். வாசலுக்கு வரும்போது சிரித்துக்கொண்டிருந்தார்.

"தொரை விழுந்து விழுந்து சிரிச்சாரு! இந்த மலையில கடல் மீனா, நீ பெரிய ஆளுய்யான்னாரு. கூடவே வந்து மீனப் பாத்தாரு. தொரைசாணிக்கும் ஆசையாம். தொட்டிய பங்களாவுக்குக் கொண்டாரச் சொல்லிட்டாரு, அங்கதான் கணப்பு இருக்கே. நாந்தான் போய்க் கவனிச்சுக்கணுமாம்."

"வேலை?"

"வேலைக்கு என்ன? அந்த அறைய நல்லாக் கழுவிச் சுண்ணாம்பு அடின்னாரு, அவ்வளவுதான்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். பிறகுதான் கேட்டேன்.

"அக்காவுக்குப் பத்துச்சீட்டு இல்லதானே?"

"இல்ல இல்ல. அதக் கிழிச்சாச்சு." செருப்பைக் கழற்றப் போனவர் கழற்றாமல் நின்றார். "ஆனா ஸ்டோருக்குள்ள விட வேணாமாம். கருவாடு கொண்டாந்தது கொண்டாந்ததுதானாம். சட்டம்னா சட்டமாம். நாளையிலேருந்து கொழுந்தெடுக்க மலைக்குப் போடச் சொல்லிட்டாரு."

"அந்தக் காலை வச்சுக்கிட்டு மலைக்கா? நீங்க ஒண்ணும் சொல்லலயா?"

"நான் இருந்த நெலமைல இன்னும் என்னத்தச் சொல்லச் சொல்ற?"

இந்தச் செய்தியை, ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி போய்ச் சொல்வதற்கு முன் நானே சொல்ல வேண்டும் என்று லயத்துக்கு இறங்கினேன். அக்கா காம்பரா வாசலில் உட்கார்ந்து பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காருங்கக்கா" என்றேன். நானும் படியில் உட்கார்ந்தேன். மீன்தொட்டி, கூனி, பவளம், டிரையர் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். வாடை எங்கிருந்து வந்தது என்று துரைக்குத் தெரியும், இனி உங்களை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, காம்பராவைக் காலி பண்ண வேண்டாம் என்றேன். அவள் கட்டிய சாக்கின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். அப்புறம் நாளையிலிருந்து மலைக்குப் போக வேண்டும் என்பதையும் சொன்னேன்.

அவள் கை நின்றது. தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஐயாவையும் மலைக்குப் போட்டுட்டாங்களாம்மா?" என்று கேட்டாள்.

குத்திக் காட்டக் கேட்கவில்லை. என் கணவருக்கும் அதே தண்டனைதான் என்று நினைத்து, அவர் மலையில் இருந்தால் ஏறும்போது ஒரு கை கொடுப்பாரா என்று தெரிந்துகொள்கிற மாதிரி, கவலையோடுதான் கேட்டாள்.

இல்லை என்று சொன்னேன்.